காலே போடும் கணக்கு

1996 டிசம்பரில் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் ‘பி2’ என்ற மனித உருவ ரோபோவை உலகுக்குக் காட்டியது. உயரம் 182 செ.மீ., எடை 210 கிலோ. மின்சாரத்துக்கு வெளியிலிருந்து கம்பி வரவில்லை. விழாமல் தாங்க மேலே கயிறும் கட்டவில்லை. தன் காலில் நின்று நடந்தது, திரும்பியது, படியேறியது. 1986 முதல் பத்தாண்டுகள் வெளியே தெரியாமல் நடந்த வேலையின் விளைவு அது. 2000-இல் அதன் வாரிசாக 120 செ.மீ. உயரத்தில் அசிமோ வந்து உலகெங்கும் மேடையேறியது. இவை மனிதனைப் போலவே நடக்கின்றன என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். அந்த வியப்புக்கு ஆதாரம் தோற்றம்தான்: இரண்டு கால், இரண்டு கை, தலை, மாறி மாறி விழும் அடிகள். நடைக்குள் நிகழும் விசைகளையும் ஆற்றலின் வரவு செலவையும் வைத்துப் பார்த்தால் அந்த ரோபோக்களின் நடை மனித நடையிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறது. மனிதனைப் போல நடக்கும் எந்திரம் என்பது முதலில் உடலமைப்புப் பிரச்சினை. கட்டுப்பாட்டு நிரல் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது. காலும் கணுக்காலும் பாதமும் தாமாகவே செய்துவிட வேண்டிய வேலையை மோட்டாரிடமும் கணினியிடமும் ஒப்படைக்கும் ரோபோ நடக்கலாம், ஓடலாம், பரிசும் வாங்கலாம். மனித நடை அதற்கு வசப்படாது. அரை நூற்றாண்டு ஆய்வு வரலாறு காட்டுவது இதைத்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மனிதர் எடுத்துவைக்கும் ஒரே ஓர் அடியைப் பார்ப்போம். முன்காலின் குதிகால் தரையைத் தொடும்போது முழங்கால் ஏறக்குறைய நேராக இருக்கிறது. தொட்டதும் சற்றே மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. பாதம் தரையில் படிய, இடுப்பு அந்தக் காலின் மேல் எழும்பித் தாண்டுகிறது. எழும்பும்போது உடலின் வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. இறங்கும்போது உயரம் குறைந்து வேகம் கூடுகிறது. இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் இப்படி ஒன்று மற்றொன்றாக மாறிக்கொள்வதால், சாதாரண வேகத்தில் தேவைப்படும் ஏற்ற இறக்க வேலையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு தசைகளின் தலையில் விழாமலே போகிறது. இதற்கிடையே கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு பிணைக்கும் தசைநாண் சுருள்வில் போல இழுபட்டு ஆற்றலைச் சேர்க்கிறது. குதிகால் தரையை விட்டு எழும்போது அந்தச் சேமிப்பு ஒரே வீச்சில் வெளிப்பட்டு உடலை முன்னே தள்ளுகிறது. பின்கால் தரையை விட்டதும் முழங்கால் மடங்கி, கால் முன்னே வீசப்படுகிறது. அந்த வீச்சின் நடுப்பகுதியில் தொடைத் தசைகள் பெரும்பாலும் ஓய்வில் இருக்கின்றன. கீழ்க்கால் தானாக முன்னே வந்து, அடுத்த அடிக்குச் சரியான நேரத்தில் முழங்காலை நீட்டி நிறுத்துகிறது. ஒரு கால் தரையில் இருக்கும் நேரம் அதன் சுழற்சியில் ஏறத்தாழ 60 சதவீதம், காற்றில் இருக்கும் நேரம் 40 சதவீதம். வீசும் கால் ஊசலைப் போல ஈர்ப்பு விசையாலேயே ஆடுகிறது என்று ஜெர்மானியரான வேபர் சகோதரர்கள் 1836-லேயே எழுதினார்கள். அவர்கள் சொன்னது முழு உண்மையல்ல. ஆனால் பின்வந்த பல பொறியாளர்களைக் காட்டிலும் அவர்கள் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தார்கள்.

நடை எவ்வளவு ஆபத்தான தொழில் என்பதை ஒரு சிறு கணக்கு சொல்லிவிடும். துடைப்பக் குச்சியை உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குச்சி நீளமாக இருந்தால் சமாளிப்பது எளிது, குட்டையாக இருந்தால் கண்ணிமைப்பதற்குள் விழுந்துவிடும். ஒற்றைக்காலில் நிற்கும் உடலும் இப்படித் தலைகீழாக நிற்கும் ஊசல்தான். அது சாயும் வேகத்தைத் தீர்மானிப்பது நிறைமையத்தின் உயரத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்து எடுத்த வர்க்கமூலம். நிறைமையம் ஒரு மீட்டர் உயரத்தில் உள்ள மனிதருக்கு அது 0.32 நொடி. அதாவது சாய்வில் ஏற்பட்ட சிறு பிழை ஒவ்வொரு 0.32 நொடியிலும் ஏறத்தாழ 2.7 மடங்காகப் பெருகுகிறது. நொடிக்கு 1.3 மீட்டர் வேகத்தில் நடப்பவர் அடுத்த அடியிலேயே அசையாமல் நிற்க வேண்டுமானால், பாதத்தை நிறைமையத்துக்கு நேர்கீழே உள்ள புள்ளியிலிருந்து ஏறத்தாழ 41 செ.மீ. முன்னே ஊன்ற வேண்டும். அதற்குக் கிட்டே ஊன்றினால் உடல் பாதத்தைத் தாண்டி முன்னே போகும், நடை தொடர்கிறது. எட்டி ஊன்றினால் உடல் தாண்ட முடியாமல் பின்னே சாயும். மனித நடை என்பது ஒவ்வோர் அடியிலும் விழத் தொடங்கி, ஒவ்வோர் அடியிலும் பாதத்தைச் சரியான இடத்தில் ஊன்றிப் பிழைப்பது. பாதத்திலிருந்து செய்தி மூளைக்குப் போய்க் கட்டளை திரும்பி வரப் பத்தில் ஒரு நொடி அளவு ஆகிவிடும் என்றால், அதற்குள் வரும் சிறு தடுமாற்றங்களைச் சமாளிக்கும் முதல் பொறுப்பு தசை, தசைநாண், மூட்டு ஆகியவற்றின் அமைப்பிடமே இருந்தாக வேண்டும்.

ரோபோ நடையின் முதல் வெற்றிகரமான கோட்பாடு இந்த விழுதலை ஒழிப்பதில்தான் தொடங்கியது. டோக்கியோவின் வாசேதா பல்கலைக்கழகத்தில் இச்சிரோ காட்டோவின் குழு 1973-இல் ‘வாபோட்-1’ என்ற முழு மனித உருவ ரோபோவைச் செய்தது. நிறைமையம் எப்போதும் பாதத்தின் பரப்புக்கு மேலேயே இருக்கும்படி மெல்ல மெல்ல நகர்ந்த எந்திரம் அது. அடியின் எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் விழாது. ஆகவே வேகமும் கிடையாது. இந்த முட்டுக்கட்டையை உடைக்கும் கருத்து பெல்கிரேடிலிருந்து வந்தது. மிகைலோ பூபின் நிறுவனத்தில் பணியாற்றிய மியோமிர் வுகோப்ராடோவிச் 1960-களின் இறுதியில் ஒரு நிபந்தனையை முன்வைத்தார். உடலின் எடையும் முடுக்கமும் சேர்ந்து தரைக்குத் தரும் விசையை ஒரே புள்ளியில் செயல்படுவதாகக் கருதலாம். அந்தப் புள்ளி பாதத்தின் விளிம்புக்குள் இருக்கும்வரை பாதம் புரளாது. பாதம் புரளாதவரை ரோபோவைத் தரையோடு பொருத்திய தொழிற்சாலைக் கையைப் போலவே கணித்துக் கட்டுப்படுத்தலாம். பூஜ்யத் திருப்புவிசைப் புள்ளி என்று பெயர் பெற்ற இந்தக் கருத்தின் மேல்தான் ஹோண்டாவின் ரோபோக்களும், ஷூஜி கஜிதா போன்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கிய நடைக் கணிப்பு முறைகளும் எழுந்தன. இதன் அருமையைக் குறைத்து மதிப்பிட முடியாது. எந்த அடியில் எந்த மூட்டு எவ்வளவு திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, அதன்படி ஓர் எந்திரத்தை நம்பகமாக நடத்த முடியும் என்று நிறுவியது இதுதான்.

அதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். பாதம் புரளக் கூடாது என்பதால் அது தட்டையான, விறைப்பான பலகையாகிறது. குதிகாலில் தொடங்கி விரல்களில் முடியும் மனிதப் பாதத்தின் உருளல் அங்கே இல்லை. கணிப்பை எளிதாக்க இடுப்பு ஒரே உயரத்தில் வைக்கப்படுகிறது. அப்போது கால் நேராகவே முடியாது, முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். முழங்கால் முற்றிலும் நீண்டுவிட்டால் அந்த மூட்டால் இடுப்பை மேலும் கீழும் நகர்த்த முடியாமல் போய், கட்டுப்பாட்டுச் சமன்பாடுகள் முறிந்துபோகும் என்பதும் ஒரு காரணம். இதன் விளைவு பாதி உட்கார்ந்த நிலையில் நடப்பது. நேரான காலில் எலும்பு தாங்கும் எடையை மடங்கிய காலில் மோட்டார் தாங்க வேண்டும். அசையாமல் நின்றாலும் மோட்டாரில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், கம்பிச்சுருள் சூடேறிக்கொண்டே இருக்கும். மூன்றாவது விலை கியரில் ஒளிந்திருக்கிறது. சிறு மோட்டாரிலிருந்து பெரிய திருப்புவிசை பெற 100-க்கு 1 போன்ற குறைப்புக் கியர்கள் பொருத்தப்படுகின்றன. கியர் விகிதம் 100 என்றால் மோட்டார் சுழலியின் நிலைமம் மூட்டுப் பக்கத்திலிருந்து பார்க்கையில் 10,000 மடங்காகத் தெரியும். அப்படிப்பட்ட கால் ஊசலாக ஆடாது. ஆட்டித்தான் ஆக வேண்டும். தரை கொடுக்கும் ஒவ்வோர் அடியும் கியரின் பற்களில் போய் இடிக்கும். ஆகவே ரோபோ காலை மெதுவாக, ஓசைப்படாமல் வைக்கப் பழக்கப்படுகிறது. அசிமோவின் நாசூக்கான நடை நாம் நினைத்ததுபோல் நளினம் அல்ல; எந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் எச்சரிக்கை.

இந்த வழிக்கு நேரெதிரான கேள்வியைக் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் இருந்த டாட் மெக்கீர் கேட்டார். விமானப் பொறியியலிலிருந்து வந்தவர் அவர். ரைட் சகோதரர்கள் முதலில் எஞ்சின் இல்லாமல் சறுக்கிப் பறக்கக் கற்றுக்கொண்டு, பிறகுதான் எஞ்சினைப் பொருத்தினார்கள். நடைக்கும் அப்படியே செய்தால் என்ன என்பது அவருடைய கேள்வி. 1990-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் வரும் எந்திரத்தில் நடையை இயக்கும் மோட்டார் இல்லை, நடையைக் கட்டுப்படுத்தும் கணினி இல்லை. பக்கவாட்டில் சாயாதிருக்க வெளிக்கால் இரண்டு சேர்ந்து இயங்கும். நடுக்கால் தனியாக இயங்கும். பாதங்கள் வட்ட வில்லாக வளைந்தவை. மென்சரிவான பலகையின் மேல் வைத்து இலேசாகத் தள்ளிவிட்டால் அது தானே அடியெடுத்து இறங்கிப் போகும். முழங்கால் வைத்த வடிவத்தையும் அவர் நடத்திக்காட்டினார்: வீசும் காலின் முழங்கால் தானே மடங்கி, தானே நீண்டு, தட்டென்று பூட்டிக்கொள்ளும். சிறிதாகத் தடுமாறினாலும் அடுத்த சில அடிகளில் பழைய லயத்துக்குத் திரும்பிவிடும். நடை என்பது மூட்டுகளுக்கு ஒவ்வொரு கணமும் கட்டளையிட்டுப் பெற வேண்டிய காரியம் அல்ல. கால்களின் நீளம், நிறை, பாதத்தின் வளைவு ஆகியவை சரியாக அமைந்துவிட்டால் இயற்பியலே தரும் அசைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் இல்லை. சரிவில் இழக்கும் உயரம்தான் அதன் எரிபொருள்.

சரிவை மோட்டாரால் ஈடுகட்டினால் சமதளத்திலும் இதே சிக்கனம் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம், எம்.ஐ.டி., நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் ஸ்டீவ் காலின்ஸ், ஆண்டி ரூய்னா, ரஸ் டெட்ரேக், மார்டைன் விஸ்ஸ ஆகியோர் 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் சேர்ந்து எழுதிய கட்டுரை அதற்கு எண்களால் பதில் சொன்னது. செலவான ஆற்றலை எடையாலும் நடந்த தூரத்தாலும் வகுத்தால் அலகில்லாத ஓர் எண் கிடைக்கும். அதை நகர்வுச் செலவு என்று வைத்துக்கொள்வோம். மனிதருக்கு அது சுமார் 0.2. கார்னெலின் ரோபோவுக்கும் 0.2. அசிமோவுக்கு அவர்கள் போட்ட மதிப்பீடு 3.2, பதினாறு மடங்கு. பேட்டரி, மின்சுற்று இழப்புகளை ஒதுக்கிவிட்டு மூட்டுகள் செய்யும் எந்திர வேலையை மட்டும் பார்த்தாலும் மனிதருக்கு 0.05, கார்னெல் ரோபோவுக்கு 0.055, அசிமோவுக்கு 1.6. ஆக, வேறுபாடு பேட்டரியில் இல்லை. நடக்கும் முறையிலேயே இருக்கிறது. இதே வழியில் ரூய்னாவின் குழு செய்த ‘ரேஞ்சர்’ 2011 மே 1, 2 தேதிகளில் கார்னெலின் உள்ளரங்க ஓடுதளத்தில் பேட்டரியை ஒரே முறை ஏற்றிக்கொண்டு 65.2 கி.மீ. நடந்தது. 30 மணி 49 நிமிடம், 1,86,076 அடிகள், மொத்தச் செலவு 493 வாட்-மணி. ஏறத்தாழ பத்துக் கிலோ எடையுள்ள அந்த எந்திரத்துக்கு முழங்காலே கிடையாது. மேலே சொன்ன மதிப்பீட்டின்படி 52 கிலோ அசிமோ ஒரே ஒரு கிலோமீட்டர் நடக்க 450 வாட்-மணி தேவைப்படும்.

இந்தச் சிக்கனம் எங்கிருந்து வருகிறது என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர்த்தர் குவோ 2002-இல் துல்லியமாகக் காட்டினார். நடையில் ஆற்றல் பெரும்பாலும் தொலைவது முன்கால் தரையில் மோதும் கணத்தில். அதுவரை கீழ்நோக்கிச் சாய்ந்து சென்ற உடலின் திசைவேகம் அந்த மோதலில் மேல்நோக்கித் திரும்ப வேண்டியிருக்கிறது. திருப்பும்போது ஒரு பகுதி வீணாகிறது. இழந்ததை இரண்டு வகையில் ஈடுகட்டலாம்: இடுப்பு மோட்டாரால் பிறகு இழுக்கலாம், அல்லது மோதலுக்குச் சற்று முன்பே பின்காலின் கணுக்காலால் உந்தலாம். முன்கூட்டியே உந்தினால் உடல் அப்போதே மேல்நோக்கித் திரும்பத் தொடங்கிவிடும், மோதலும் மென்மையாகும். குவோவின் எளிய மாதிரியில் இரண்டாவது வழிக்கு ஆகும் செலவு முதல் வழியின் நான்கில் ஒரு பங்கு. அதாவது, எவ்வளவு ஆற்றல் என்பதைக் காட்டிலும் எந்தக் கணத்தில், எந்த மூட்டில் என்பது முக்கியம். மனிதக் கணுக்காலும் குதிகால் தசைநாணும் செய்வது இந்த வேலையைத்தான். பாதமும் சும்மா இருக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் மதுசூதன் வெங்கடேசன் குழு 2020-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, பாதத்தின் குறுக்கு வளைவு அதன் விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் தருகிறது என்று காட்டியது. குதிகால் எழும்போது பாதம் தொய்ந்துபோகாமல் உந்துகோலாக நிற்பது அதனால்தான். அசிமோ காலத்து ரோபோக்களில் இந்த உந்தலுக்கு இடமே இல்லை. தட்டைப் பாதம் தரையில் முழுதாகப் படிந்திருக்கும்போதே அடுத்த கால் வந்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மெக்கீர் வழி வந்த எந்திரங்கள் சிக்கனமானவை, ஆனால் நோஞ்சான்கள். சரிவு கொஞ்சம் மாறினால், தரையில் கல் கிடந்தால், யாராவது இடித்தால் விழுந்துவிடும். நிற்கவும், திரும்பவும், படியேறவும் தெரியாது. தாக்குப்பிடிக்கும் திறன் வேறொரு மரபிலிருந்து வந்தது. 1980-களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலும் பிறகு எம்.ஐ.டி.யிலும் மார்க் ரெய்பர்ட் ஒற்றைக்காலில் நொண்டியடிக்கும் எந்திரங்களைச் செய்தார். ஒற்றைக்கால் எந்திரத்தால் சும்மா நிற்கவே முடியாது. குதித்துக்கொண்டே இருந்தால்தான் உயிர். குதிக்கும் உயரம், உடலின் சாய்வு, அடுத்து பாதம் வைக்கும் இடம் என்ற மூன்றை மட்டும் தனித்தனியே கவனித்தால் போதும், சமநிலை வந்துவிடும் என்று அவர் காட்டினார். ஜெர்ரி பிராட் முதலானோர் 2006-இல் வகுத்த ‘பிடிப்புப் புள்ளி’, அதாவது முன்பு நாம் கணக்கிட்ட 41 செ.மீ. போன்ற இடம், இதே சிந்தனையின் கணித வடிவம். ரெய்பர்ட் 1992-இல் தொடங்கிய பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தின் ‘அட்லஸ்’ என்ற மனித உருவ ரோபோ இந்த வழியில் வந்தது. சமநிலை பாதத்தின் பரப்பில் இல்லை, அடுத்த அடி விழும் இடத்தில் இருக்கிறது என்பது இம்மரபின் பாடம். இதுவும் மனித நடையின் பாதி. ஆக, ஒரு மரபுக்குச் சிக்கனம் கைவந்தது, இன்னொன்றுக்குத் தாக்குப்பிடித்தல் கைவந்தது. இரண்டையும் ஒரே உடலில் சேர்ப்பதுதான் மிச்சமிருக்கும் வேலை.

இங்கே முதல் மறுப்பு எழுகிறது. எதற்காக மனிதனைப் போல நடக்க வேண்டும்? சக்கரம் இருக்கிறதே? ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, பேரிடர் இடங்களில் வேலை செய்யும் ரோபோக்களுக்காக அமெரிக்காவின் டார்ப்பா அமைப்பு நடத்திய போட்டியின் இறுதிச் சுற்று 2015 ஜூனில் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடந்தது. வண்டி ஓட்டுதல், கதவு திறத்தல், வால்வு திருகுதல், இடிபாட்டைக் கடத்தல், படியேறுதல் என எட்டு வேலைகள். உலகின் சிறந்த இருகால் ரோபோக்கள் பல, கதவருகிலும் மண்மேட்டிலும் மரம் சாய்வதுபோல் சாய்ந்தன. 20 லட்சம் டாலர் முதல் பரிசை வென்றது தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தின் ஹூபோ. அதன் முழங்காலில் சக்கரங்கள் இருந்தன. சமதளத்தில் மண்டியிட்டு உருண்டு போகும், தேவைப்பட்டால் மட்டும் எழுந்து நடக்கும். எட்டு வேலைகளையும் 44 நிமிடம் 28 நொடியில் முடித்தது. நடையின் தோல்விக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்கலாம். ஆனால் தோற்றது எது என்று பார்க்க வேண்டும். ஒவ்வோர் அடியையும் முன்கூட்டித் திட்டமிட்டு, விறைப்பான மூட்டுகளால் அத்திட்டத்தை நிறைவேற்றும் நடை தோற்றது. படியும் இடிபாடும் வந்தபோது ஹூபோவும் எழுந்து நிற்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. சமதளத்தில் சக்கரமே சிறந்தது. அதில் சண்டை இல்லை. காலின் தேவை சக்கரம் தோற்கும் இடத்தில் தொடங்குகிறது. அங்கே நல்ல கால் எது என்பதே நம் கேள்வி.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. இயந்திரக் கற்றல் வந்துவிட்டது. இனி உடலமைப்பைப் பற்றிக் கவலைப்படுவானேன்? கணினிக்குள் ஆயிரக்கணக்கான போலி ரோபோக்களை ஒரே சமயத்தில் நடக்கவிட்டு, விழுந்தால் தண்டனையும் நடந்தால் வெகுமதியும் தந்து, தரை, எடை, உராய்வு ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பழக்கினால், அந்தப் பயிற்சி உண்மையான ரோபோவுக்கும் பலிக்கிறது. ஓரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘கேஸி’ 2021-இல் கேமரா இல்லாமலே, காலின் உணர்வை மட்டும் வைத்துப் படியேறி இறங்கியது. அதே ஆண்டு பல்கலைக்கழக வளாகத்தில் ஒரே பேட்டரியில் 5 கி.மீ. தூரத்தை 53 நிமிடத்தில் ஓடியது. 2022-இல் 100 மீட்டரை 24.73 நொடியில் கடந்து கின்னஸ் பதிவு பெற்றது. தடுமாற்றத்தைச் சமாளிப்பதில் கற்றல் முறை பழைய முறைகளை வென்றுவிட்டது என்பதை மறுக்க வழியில்லை. ஆனால் இந்த வெற்றியைக் கற்றலின் கணக்கில் மட்டும் எழுதுவது சரியல்ல. கேஸியின் கால்களில் வில்தகடுகள் இருக்கின்றன. எடை மேலே குவிந்து, கால்கள் ஒல்லியாக இருக்கின்றன. விறைப்பான இணைப்பைக் கைவிட்டு மோட்டாருக்கும் மூட்டுக்கும் நடுவே சுருள்வில் வைக்கும் யோசனையை எம்.ஐ.டி.யின் கில் பிராட்டும் மேத்யூ வில்லியம்சனும் 1995-லேயே வெளியிட்டார்கள். அதே எம்.ஐ.டி.யில் சாங்பே கிம் தன் நான்குகால் ‘சீட்டா’வுக்காகப் பெரிய விட்டமுள்ள மோட்டாரோடு 6-க்கு 1 அளவிலான சிறு கியரைச் சேர்த்து, தரையின் அடியை வாங்கித் திருப்பித் தரும் காலைச் செய்தார். இன்றைய கற்றல் முறை பலித்தது இப்படி இளகிய உடல்கள் கிடைத்த பிறகு. போலி உலகில் கற்றது உண்மை உலகில் பலிக்க, மூட்டு கேட்ட விசையை அப்படியே தர வேண்டும். பற்களின் உராய்வில் பாதியைத் தொலைக்கும் கியரால் அது முடியாது.

கற்றலுக்கு இன்னோர் எல்லையும் உண்டு. ஆற்றலைக் குறைவாகச் செலவழித்தால் வெகுமதி என்று சொல்லிக்கொடுத்தால் நிரல் சிக்கனமான நடையைத் தேடிக் கண்டுபிடிக்கும், உண்மைதான். மனோஜ் ஸ்ரீனிவாசனும் ரூய்னாவும் 2006-இல் ‘நேச்சர்’ இதழில் காட்டியது இதன் மிகத் தூய வடிவம். ஒரு புள்ளி நிறையும் நீண்டு குறுகும் இரண்டு கால்களும் மட்டுமே உள்ள மாதிரியிடம், மிகக் குறைந்த உழைப்பில் நகரும் வழியைக் கணினி தேடியது. மெதுவான வேகத்துக்கு நடையையும் அதிக வேகத்துக்கு ஓட்டத்தையும் அது தானாகவே கண்டெடுத்தது. ஆனால் தேடல் கண்டெடுப்பது அந்த உடலுக்குச் சாத்தியமானவற்றுள் சிறந்ததை மட்டுமே. சேமித்துவைக்கத் தசைநாண் இல்லாத கணுக்காலுக்கு, மோதலில் போன ஆற்றல் போனதுதான். எந்த நிரலாலும் அதை மீட்க முடியாது. மனிதர்களின் உடலில் ஒளிப்புள்ளிகள் ஒட்டிப் படமெடுத்து, அந்த அசைவுகளையே ரோபோ பின்பற்றும்படி கற்பிக்கும் முறை இப்போது பரவலாகியிருக்கிறது. கை வீச்சும் இடுப்பின் அசைவும் அச்சு அசலாக வருகின்றன. அது தோற்றத்தின் நகல். மனிதக் கால் இலவசமாகச் செய்த அசைவை அந்த ரோபோ காசு கொடுத்து வாங்குகிறது. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கேஸிக்கு முன்னோடியான ‘ஏட்ரியாஸ்’ பார்ப்பதற்கு மனிதனைப் போல இருக்கவே இல்லை. மெல்லிய சட்டக் கால்கள், தலையும் இல்லை, கையும் இல்லை. ஆனால் நடக்கும்போது தரையில் பதியும் விசையை வரைந்தால் நடுவில் பள்ளமும் இருபுறம் மேடுமாக, மனித நடையின் வரைகோட்டுக்கு ஒத்த வடிவம் வந்தது. சுருள்வில் போன்ற இளகிய காலிலிருந்து அந்த இரட்டை மேடு இயல்பாகவே பிறக்கும் என்று கெயர், சைஃபார்த், பிளிக்ஹான் மூவரும் 2006-இல் கணக்கிட்டுச் சொல்லியிருந்தார்கள். மனித நடைக்கு நெருக்கமானது எது, படத்தைப் பின்பற்றும் பொம்மையா, விசையில் ஒத்துப்போகும் இந்த முண்டமா? என் விடை இரண்டாவது.

ஆற்றலைப் பற்றி இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டுமா, பேட்டரிகள் ஆண்டுதோறும் முன்னேறுகின்றனவே என்பது மூன்றாவது மறுப்பு. 2025 ஏப்ரலில் பெய்ஜிங்கில் மனித உருவ ரோபோக்களுக்கு நடந்த அரை மாரத்தானில் முதலில் வந்த ‘தியான்கோங் அல்ட்ரா’ 21 கி.மீ. தூரத்தை 2 மணி 40 நிமிடம் 42 நொடியில் கடந்தது. பாராட்டத்தக்க சாதனை. வழியில் மூன்று முறை பேட்டரி மாற்றினார்கள் என்பதும் அந்தச் சாதனையின் பகுதி. பேட்டரி இரட்டிப்பானாலும் பத்து மடங்கு வீண்செலவை அது ஈடுகட்டாது. கூடுதல் பேட்டரி கூடுதல் எடை. கூடுதல் எடைக்குக் கூடுதல் திருப்புவிசை. அதற்குப் பெரிய மோட்டார். அதைவிட முக்கியமானது, வீணாகும் ஆற்றல் காற்றில் கரைந்துவிடுவதில்லை. மோட்டாரில் வெப்பமாகிறது, கியரில் தேய்மானமாகிறது, தரையில் இடியாகிறது. நாள் முழுதும் கிடங்கில் பெட்டி சுமக்கவோ முதியவர் வீட்டில் உதவவோ ரோபோவை வைக்க நினைப்பவர்களுக்கு இவையே அன்றாடத் தொல்லைகள். ஆற்றல் செலவைத் தனியொரு குறையாக அல்ல, உடலமைப்பு தவறிய இடத்தைக் காட்டும் அறிகுறியாகப் படிக்க வேண்டும்.

நான்காவது மறுப்பு தத்துவச் சாயல் கொண்டது. மனித உடல் பரிணாமத்தின் ஒட்டுவேலை. அதை எதற்கு இலட்சியமாக்க வேண்டும்? இதில் உண்மை இருக்கிறது. ஸ்டீவ் காலின்ஸ், புரூஸ் விகின், கிரெகரி சவிக்கி மூவரும் 2015-இல் மோட்டாரே இல்லாத ஒரு கணுக்கால் கருவியைச் செய்தார்கள். ஒரு சுருள்வில்லும், பாதம் ஊன்றியிருக்கும்போது அதைப் பிணைத்து, கால் வீசும்போது விடுவிக்கும் சிறு கிளட்சும் மட்டுமே உண்டு. அதை அணிந்து நடந்தவர்களின் ஆற்றல் செலவு 7.2 சதவீதம் குறைந்தது. பரிணாமம் இவ்வளவு காலம் செதுக்கிய நடையையும் ஒரு வில்லால் மேம்படுத்த முடிகிறது. ஆகவே மனித உடல் இறுதித் தீர்ப்பு அல்ல. ஆனால் அந்த மேம்பாடு எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள். கூடுதல் மோட்டார் கிடையாது, கூடுதல் கணினி கிடையாது. காலின் அமைப்பில் சரியான இடத்தில் ஒரு வில், அவ்வளவே. மனித உடலைத் தாண்டும் வழியும் உடலமைப்பின் வழியாகவே போகிறது. நகலெடுக்க வேண்டியது எலும்புகளின் எண்ணிக்கையை அல்ல. எந்த வேலையைக் காலிடம் விட வேண்டும், எதைக் கட்டுப்பாட்டிடம் தர வேண்டும் என்ற பங்கீட்டை. கேஸியின் கால் தீக்கோழியின் காலைப் போலத் தோன்றுவதும், 2024-இல் வந்த மின்சார அட்லஸ் மனித மூட்டுகளால் முடியாத வகையில் இடுப்பைச் சுழற்றி எழுவதும் இந்த வாதத்துக்கு எதிரானவை அல்ல.

இதிலிருந்து வடிவமைப்புக்குச் சில முடிவுகள் கிடைக்கின்றன. இருகால் ரோபோவில் கைவிரல்களுக்கும் முகத்துக்கும் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதியாவது கணுக்காலுக்கும் பாதத்துக்கும் போக வேண்டும். இன்று பெரும்பாலான மனித உருவ ரோபோக்களில் பாதம் இன்னும் ஒரு தட்டைப் பலகைதான். முழங்கால் நேராகி எலும்பால் எடை தாங்கும் நிலையைக் கட்டுப்பாட்டு முறை அனுமதிக்க வேண்டும். கற்றல் நிரலை முடிந்துபோன உடலின் மேல் பூசுவதற்குப் பதிலாக, வில்லின் விறைப்பு, காலின் நிறைப்பகிர்வு, பாதத்தின் வளைவு ஆகியவற்றையும் அதே தேடலில் சேர்த்துத் தீர்மானிக்க வேண்டும். இதன் பயன் ரோபோவோடு நிற்காது. கணுக்காலின் உந்தல் எந்தக் கணத்தில் வேண்டும் என்ற அறிவுதான் காலிழந்தவர்களுக்கான செயற்கைக் காலையும், பக்கவாதத்துக்குப் பின் நடை பழகுபவர்களுக்கான கருவிகளையும் மேம்படுத்துகிறது. அங்கே வீண்செலவைச் சுமப்பது பேட்டரி அல்ல, மனித இதயமும் நுரையீரலும்.

ஆகவே அடுத்து ஒரு நிறுவனம் தன் ரோபோவை மேடையில் நடக்கவிடும்போது மூன்று விவரங்களைக் கேட்பது நியாயம்: அதன் நகர்வுச் செலவு எவ்வளவு, தரையில் அது பதிக்கும் விசையின் வரைகோடு எப்படி இருக்கிறது, எதிர்பாராத பக்கத்திலிருந்து தள்ளினால் எத்தனை அடியில் நிலைக்கு வருகிறது. மூன்றாவதற்குக் கற்றல் முறை நல்ல விடை தரத் தொடங்கிவிட்டது. முதல் இரண்டுக்கும் விடை எழுத வேண்டியவர்கள் காலைச் செய்பவர்கள். தாக்குப்பிடிக்கும் நடையும் சிக்கனமான நடையும் ஒரே எந்திரத்தில் சேரும்வரை, நம் கையில் இருப்பவை மனிதனைப் போலத் தோன்றும் எந்திரங்களே. மனிதனைப் போல நடக்கும் எந்திரங்கள் அல்ல.